சுண்ணாம்பு தடவிய கலயமும் தடவாத கலயமும்!

திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் மாசி, பங்குனியில் விடியற்காலையில் போனால் செம்மண் தேரிக்காட்டில் முதலில் காதில் விழுவது, பனைமரத்தில் முருக்குத்தடியைச் சாத்தும் சத்தம்தான். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, தோளில் கலயங்கள். வெயில் ஏறுவதற்குள் பல மரங்கள் ஏறி இறங்கிவிடுவார் பனையேறி. சாயங்காலம் மறுபடியும் அதே மரங்கள். இந்த இருவேளை ஏற்றம் ஆடி மாதம் வரை நீளும்.

உச்சியில் அவர் செய்யும் வேலை நுணுக்கமானது. விரியாத பாளையை வளைத்துக் கட்டி, கடிப்பால் இதமாக நசுக்கி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவுவார். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு கடிப்பு. சீவிய இடத்தில் நீர் சொட்டத் தொடங்கும். அடியில் கலயத்தைக் கட்டுவதற்கு முன்பு அதன் உட்புறம் சுண்ணாம்பைத் தடவுவார். அவ்வளவுதான். அந்த ஒரு தடவலில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. தடவினால் கீழே இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். முதலாவதை நெடுஞ்சாலை ஓரத்தில் ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டு, குழந்தைக்கும் கொடுக்கலாம். இரண்டாவதை இறக்கினால் தமிழ்நாட்டில் வழக்கு.

பெங்களூரில் வேலை பார்க்கும் நெல்லைப் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகத் தெரிவதில் ஆச்சர்யம் இல்லை. அங்கே மாலில் உள்ள பப்பிலேயே பெரிய செப்புக் கொப்பரைகளை வைத்து பீர் காய்ச்சுகிறார்கள். 'கிராஃப்ட் பீர்' என்று பெயர். தொழிற்சாலையில் லட்சக்கணக்கான பாட்டில்களாக அடைக்காமல், சிறிய அளவில், அந்த ஊர் ருசியோடு, புதிதாகக் காய்ச்சி அங்கேயே ஊற்றுவதுதான் அதன் பெருமை. மாம்பழ சீசனில் மாம்பழ பீர்கூட உண்டு. சின்ன அளவு, உள்ளூர் மூலப்பொருள், புத்தம் புதிது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு ருசி. இந்த நான்கையும் தேரிக்காட்டில் படித்துக்காட்டினால், 'கள்ளைத்தானே சொல்றீய?' என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பீருக்கு பார்லியை முளைகட்ட வேண்டும், அரைக்க வேண்டும், வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும், ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும், ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். பிறகு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பனையில் இந்த வேலை எதுவும் இல்லை. சர்க்கரையை மரமே தயாரித்து வைத்திருக்கிறது. பனஞ்சாற்றில் ஏறத்தாழ 12 சதவிகிதம் சர்க்கரை. ஈஸ்ட் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கிறது. சொட்டு விழத் தொடங்கியதுமே புளிப்பும் தொடங்கிவிடும். லாக்டிக் பாக்டீரியா புளிப்பைத் தர, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். நுரை அந்த வாயுதான். காலையில் இறக்கிய கள் இனிப்பும் லேசான புளிப்புமாக இருக்கும்; சாயங்காலத்துக்குள் காரம் ஏறும்; ஒன்றிரண்டு நாள் விட்டால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து வினிகராகிவிடும். ஆல்கஹால் அளவு பொதுவாக 4 முதல் 6 சதவிகிதம். சாதாரண பீரும் அந்த அளவுதான்.

சுண்ணாம்பு செய்வது இதற்கு நேர்மாறான வேலை. அதன் காரத்தன்மையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலைதூக்க முடியாது. சாற்றின் இனிப்பு அப்படியே நிற்கும். அளவு குறைந்தால் பதநீர் நுரைத்துவிடும், கூடினால் நாக்கு பொத்துப்போகும். அந்த அளவை எந்தக் கரண்டியும் சொல்லித் தருவதில்லை, விரல்தான் சொல்கிறது.

வீட்டிலேயே காய்ச்சிய காலம்

'வீட்டில் பீர் காய்ச்சுவது வெள்ளைக்காரன் பழக்கம்' என்று நினைப்பவர்கள் பத்துப்பாட்டைப் பிரித்துப் பார்க்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் விருந்துகள் வரிசையாக வருகின்றன. அதில் வீட்டில் காய்ச்சிய தோப்பிக்கும் இடம் உண்டு. இன்னோரிடத்தில் செய்முறையே இருக்கிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கிறார்கள். அதில் 'நல்லடை'யைக் கலக்கிறார்கள். உரைகாரர் இதை நெல்முளை என்கிறார். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் வைத்து விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நெல்முளை. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி உருவாகிறது. பார்லியை முளைகட்டி 'மால்ட்' செய்வதும் அதற்காகத்தான். ஐரோப்பியர் பார்லியில் கண்டதைத் தமிழர் நெல்லில் கண்டிருக்கிறார்கள். அரிசிக் கஞ்சி, முளை, சாடி, இரண்டு நாள்... இன்று இன்டர்நெட்டில் 'ஹோம் புரூயிங்' என்று தேடினால் வரும் பாடத்தின் முதல் பக்கம் இதுதான்.

அந்த நெல் பீர் எப்படியோ வழக்கொழிந்து போனது. தாமிரபரணிக் கரையில் நெல்லுக்குக் குறைவில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை அந்த ஆறு வயலும் வாழையுமாகத்தான் போகிறது. ஆனால், ஆற்று நீர் எட்டாத தெற்குப் பக்கத் தேரியில் நிற்பது பனை மட்டும். 1841-ல் இடையன்குடிக்கு வந்து தங்கிய ராபர்ட் கால்டுவெல், 1849-ல் வெளியிட்ட தன் நூலில், பதநீரையும் கருப்பட்டியையும் உணவாகவே கொண்டு வாழ்ந்த பனையேறிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வேறு விளைச்சல் இல்லாத மண்ணில் அந்த மரம்தான் வயல், அதுவே சமையலறை.

வீட்டில் நொதிக்க வைக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பழைய சோற்றில் ஊற்றிய நீராகாரமும், பொங்கி வழியும் இட்லி மாவும், புளித்த கம்பங்கூழும் அந்த வம்சம்தான். பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன்பு ஆப்ப மாவைப் பொங்க வைத்ததும் கள்தான்.

கடை திறந்து கடை மூடி...

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அந்த ஆண்டு வந்த மதுவிலக்குச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கருணாநிதி ஆட்சி அதைத் தளர்த்தியது, கள்ளுக்கடைகள் வந்தன. 1973-ல் அவை மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன. 1987 ஜனவரி முதல் இரண்டுக்கும் தடை. அந்தத் தடை கள்ளுக்கு இன்றுவரை நீடிக்கிறது. இடையில் 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. ஆலையில் தயாரான பீரையும் பிராந்தியையும் அரசே விற்கிறது, மரத்திலிருந்து சொட்டும் கள்ளுக்கு மட்டும் தடை என்பதுதான் பனையேறிகளின் ஆதங்கம்.

'கள் போதைப்பொருள் என்று நிரூபித்தால் 10 கோடி ரூபாய் பரிசு' என்று அறிவித்தார் தமிழ்நாடு கள் இயக்கத்தின் செ.நல்லசாமி. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார். எதிர்ப்பவர்களிடமும் காரணம் இருக்கிறது. குடியால் சீரழிந்த குடும்பங்களை அறியாத தெரு தமிழ்நாட்டில் கிடையாது. இன்னொரு கடை எதற்கு என்று பெண்கள் கேட்பதை யாரும் புறந்தள்ள முடியாது. கள் அனுமதிக்கப்பட்ட கேரளத்தில், தேவை கூடி மரம் குறைந்தபோது கள்ளில் மயக்க மருந்து கலந்த வழக்குகள் வந்தன. ஆல்கஹாலில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. 'கள் உணவு, மது அல்ல' என்ற வாதம் 4 சதவிகித ஆல்கஹாலைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால், மற்ற இடங்களில் நடுவழி கண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளர்களிடமிருந்து கள்ளை வாங்கித் தவறணைகளில் விற்கின்றன. போத்தலில் அடைத்த கள்ளும் உண்டு. அசாமின் டிமாசா மக்கள் வீட்டில் காய்ச்சும் 'ஜுடிமா' என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை பிரிட்டன் 1963-ல் நீக்கியது; அமெரிக்காவில் 1978-ல்தான் சட்டம் இடம் கொடுத்தது. இன்றைய கிராஃப்ட் பீர் அலையை அங்கே தொடங்கிவைத்தவர்களில் பலர் அப்படி வீட்டுச் சமையலறையில் கை பழகியவர்கள்.

தமிழ்நாட்டு வீட்டில் அதை முயற்சி செய்ய முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்த வாரங்களில், யூடியூபைப் பார்த்துக் குக்கரில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர்களின் செய்திகள் நினைவிருக்கலாம். அது பீர் காய்ச்சுவதே அல்ல. பீரும் கள்ளும் நொதித்தலோடு நிற்பவை. சாராயம் என்பது நொதித்ததை ஆவியாக்கிக் குளிர்வித்து எடுப்பது. அடுப்பும் எரியும் ஆவியும் சேரும்போது வீடே ஆபத்தில் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால்.

விடிலிக்குள் ஒரு கணக்கு

சட்டப்படி இறக்கும் பதநீரின் பெரும்பகுதி போய்ச்சேரும் இடம் விடிலி. பனையோலை வேய்ந்த அந்தக் குடிலுக்குள் அடுப்பு மணிக்கணக்கில் எரியும். வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பதநீர் கொதித்துக் கூழாகி, பாகாகி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. 12 சதவிகிதச் சர்க்கரைக் கணக்குப்படி ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்கு மேல் பதநீர் வேண்டும். அத்தனை லிட்டரையும் உயரத்திலிருந்து ஒருவர் இறக்க வேண்டும். ஏழு லிட்டர் தண்ணீரை விறகு எரித்து ஒருவர் ஆவியாக்க வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை ஏன் கலக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால்தான் அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். கசிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

அரசும் பனையை மறந்துவிடவில்லை. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகள், ஒரு லட்சம் கன்றுகள் என்று கணக்கு. மரத்தை வெட்ட கலெக்டரின் அனுமதி வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால், இன்று ஊன்றும் விதையில் பாளை வெட்ட பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை ஏறத் தெரிந்தவர் இருப்பாரா என்பதுதான் சிக்கல். ஏறுகிறவர்களில் நரை விழுந்தவர்களே அதிகம். வருஷத்தில் பாதி மாதம்தான் வேலை, தவறி விழுந்தால் முதுகெலும்பு போகும், பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். கள்ளுக்கு அனுமதி கேட்பவர்கள் சொல்வது இதைத்தான். அடுப்பும் விறகும் இல்லாமல், இறக்கிய உடனே காசாகும் பொருள் அது ஒன்றுதான் என்கிறார்கள். அந்தக் காசு ஏறியவர் கைக்குப் போகுமா, கடை ஏலம் எடுத்தவர் கைக்குப் போகுமா என்பதைப் பழைய கள்ளுக்கடைக் காலத்தைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சீசனில் நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையிலோ, நாங்குநேரி, வள்ளியூர் பக்கமோ போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். பதநீர் காலையில் குடிக்க வேண்டிய பொருள். சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தெளிவாக இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற, சுண்ணாம்பையும் மீறி ஈஸ்ட் விழித்துக்கொள்ளப் பார்க்கும். பதினோரு மணிக்குமேல் பானை ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழாக நுரை கட்டத் தொடங்கினால், விற்பவர் மிச்சத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிலிக்கு விரைந்துவிடுவார், அங்கே அடுப்பு தயாராக எரிந்துகொண்டிருக்கும்.