யாருடைய கையெழுத்து வேண்டும்?

மூன்று குழந்தைகளுக்குத் தாய். உடம்பில் இரத்தம் குறைவு. மறுபடியும் கரு உண்டாகிவிட்டது. கருவைக் கலைக்க மருத்துவமனைக்குப் போகிறாள். “கணவரைக் கூட்டி வா. அவர் கையெழுத்துப் போட வேண்டும்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். கணவரோ வெளியூரில் வேலை பார்க்கிறார். நாள் தள்ளிப் போகிறது. வயிற்றில் கருவும் வளர்கிறது.

இப்படிப் பல இடங்களில் நடக்கிறது. இது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் வந்த கதை

முன்பு நம் நாட்டில் கருக்கலைப்பு குற்றம். தாயின் உயிரைக் காக்க மட்டுமே கலைக்கலாம். மற்றபடி கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அதனால் பெண்கள் மறைவாகக் கலைத்தார்கள். குச்சி வைத்தார்கள். கண்ட மருந்தையும் சாப்பிட்டார்கள். பலர் இறந்தார்கள்.

இதைத் தடுக்க 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2021-ல் அது திருத்தப்பட்டது.

எப்போது கலைக்கலாம்?

தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ ஆபத்து இருந்தால் கலைக்கலாம். குழந்தைக்குக் கடுமையான குறை இருந்தால் கலைக்கலாம். பலாத்காரத்தால் கரு உண்டானாலும், கருத்தடை முறை தவறிப் போனாலும் கலைக்கலாம்.

20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். 20 முதல் 24 வாரம் வரை சில பெண்களுக்கு மட்டுமே அனுமதி. அதற்கு இரண்டு டாக்டர்கள் சம்மதிக்க வேண்டும். திருமணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

கணவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டாம். 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.

தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்தாள் என்று ஒரு கணவர் வழக்குப் போட்டார். மனைவியிடமும் டாக்டர்களிடமும் நஷ்டஈடு கேட்டார். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-ல் அதை ஏற்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெண்ணின் சம்மதம் இல்லாமல் யாரும் கருவைக் கலைக்கக் கூடாது. கணவரோ மாமியாரோ கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படிக் கலைப்பது பெருங்குற்றம். ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

ஆண்களுக்குப் பங்கு இல்லையா?

பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. கருவைக் கலைப்பது பாவம் என்று சில பெண்கள் நினைக்கிறார்கள். இருக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே என்று சிலர் கலைக்கிறார்கள். முடிவு செய்வது யாருக்கும் எளிதல்ல. அந்த நேரத்தில் கணவர் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். பிறகு ஓய்வு கொடுக்கலாம்.

வேண்டாத கரு உண்டாகாமல் தடுப்பதில்தான் ஆணின் பங்கு பெரியது. ஆணுறை இருக்கிறது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. ஆனால் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கு என்ன சொல்கிறது? மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். கணவர் செய்துகொண்ட குடும்பம் 100-க்கு ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. பெண் குழந்தை என்று தெரிந்து கலைக்கச் சொல்வது கொடுமை. ஸ்கேன் செய்து ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ல் வந்த சட்டம் தடுக்கிறது. ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. தாயைக் குறை சொல்வது அறியாமை.

சிந்திப்போம்

1. கணவர் கையெழுத்துக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?
2. உங்கள் ஊரில் ஆண்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ள ஏன் தயங்குகிறார்கள்?