வீட்டுத் தெள்ளும் அதனை ஒழிக்கும் முறையும்

பெரும்போக அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பகுதிக் கமக்காரர் பலர் வயல் வாடியிலேயே இரவு தங்குவர். நாயும் உடன் செல்லும். சில கிழமைகள் பூட்டிக் கிடந்த வீட்டை மீண்டும் திறந்து உள்ளே கால் வைத்ததும் தெள்ளுகள் கணுக்காலை மொய்ப்பதுண்டு. ஆளும் நாயும் இல்லாத வீட்டில் அவை எங்கிருந்து வந்தன? அவை புதிதாக வந்தவையல்ல, தரையிலேயே காத்திருந்தவை.

முதிர்ந்த தெள்ளு மட்டுமே நாய், பூனைகளின் உடலில் வாழ்ந்து இரத்தம் குடிக்கின்றது. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். அவை மயிரில் ஒட்டி நில்லாமல் நாய் படுக்குமிடமெங்கும் உதிர்கின்றன. முட்டையினின்று வெளிவரும் புழு வெளிச்சத்தை வெறுத்து, மண்தரை வெடிப்பிலும் சாக்கின் அடியிலும் ஒதுங்குகின்றது. தெள்ளின் எச்சமாக உதிரும் காய்ந்த இரத்தத்தைத் தின்று வளர்ந்து கூடு கட்டுகின்றது. கூட்டினுள் அது சில மாதங்கள் வரையுங்கூட அசையாதிருக்க வல்லது. காலடியின் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே பாய்கின்றது. ஆகவே, நாயை மாத்திரம் கழுவித் தரையை விட்டுவிடுவது வீண் வேலையாகும்.

நெல்லுக்கோ மிளகாய்க்கோ வாங்கிய கிருமிநாசினியில் மிஞ்சியதை நீரிற் கலந்து நாயின்மேல் ஊற்றுவோர் உளர். இது மிகவும் ஆபத்தானது. அந்நஞ்சு தோலின் வழியாகவும், நாய் தன் உடலை நக்கும்போது வாய்வழியாகவும் உட்செல்லும்; நாயுடன் விளையாடும் குழந்தையையும் பாதிக்கும். மண்ணெண்ணெய் பூசுவதும் தகாது. தெள்ளு மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டே இடுதல் வேண்டும். நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொல்லக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

தெள்ளு உண்டோ என்ற ஐயமிருப்பின், நாயின் மயிரைச் சீவி, விழும் கரிய துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் இட்டுப் பார்க்கலாம். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சமே.

நாய்க்கு மருந்திடும் அன்றே தரை வேலையையும் செய்தல் வேண்டும். படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலில் உலர்த்துக. திண்ணை மூலைகளையும் கட்டிலின் அடியையும் கூட்டி, அக்குப்பையை எரித்துவிடுக. வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்துத் தரையை மெழுகி நன்கு காயவிடுக. தெள்ளுப்புழு ஈரப்பதன் குறைந்த இடத்தில் வாழாது. ஆதலால் கச்சான் காற்று வீசும் மாதங்களே இவ்வேலைக்கு வாய்ப்பானவை. மாரியில் நாய் திண்ணையிலேயே கிடப்பதால் தொல்லை பெருகும். இரவில் விளக்கின் கீழ்ச் சவர்க்கார நீர் நிறைந்த தட்டொன்றை வைத்தால் துள்ளிவரும் தெள்ளுகள் அதில் வீழ்ந்து மடியும். எத்தனை வீழ்ந்தன என்று காலையில் எண்ணிப் பார்ப்பதும் பயனுடையது.

கூட்டிலுள்ளவை மருந்துக்குத் தப்பிப் பின்னர் வெளிவருமாதலால், கூட்டுவதையும் மருந்திடுவதையும் வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடருதல் வேண்டும்.

நாய்த் தெள்ளு கடியோடு நிற்பதன்று. அதனைத் தவறி விழுங்கும் பிள்ளைக்கு நாய் நாடாப்புழு தொற்றும். எலித் தெள்ளு இன்னும் கொடியது. 1914 ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய பிளேக்கு நோய் எலித் தெள்ளினாலேயே பரவிற்று. அந்நோய் இன்று இலங்கையில் இல்லையாயினும், எலித் தெள்ளினால் வரும் ஒருவகைக் காய்ச்சல் இன்றும் உண்டு. எலி செத்ததும் தெள்ளு அதனை விட்டு வேறு உடலைத் தேடும். எனவே நெல் மூடைகளைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் அடுக்குக. செத்த எலியை வெறுங்கையால் தொடாது, தடியால் எடுத்து ஆழப் புதைத்திடுக.