அரிய கார்டு என்றால் பலமான கார்டா? செல்போன் சீட்டாட்டத்தின் கணக்கு

தருமபுரி, அரூர் பக்கம் வளர்ந்த 90ஸ் கிட்ஸிடம் ட்ரம்ப் கார்டு என்று சொன்னாலே அண்டர்டேக்கர் கார்டுக்குப் போட்ட சண்டை ஞாபகம் வரும். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் கார்டு சேர்க்கிறார்கள். அன்று ஒரே கட்டைப் பங்கு போட்டு ஆடினார்கள். இன்று ஆளுக்கொரு கட்டு. பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

பிளிசார்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஹார்த்ஸ்டோனில் காமன், ரேர், எபிக், லெஜண்டரி என நான்கு தரம். காமன் கார்டை உருவாக்க 40 'டஸ்ட்' போதும். லெஜண்டரிக்கு 1,600! பலமும் 40 மடங்கு என்றால் காசுள்ளவர் மட்டும்தானே ஜெயிப்பார்? அதற்குத்தான் ஒரு கடிவாளம்: 30 கார்டு கட்டில் மற்ற கார்டுகளை இரண்டிரண்டு வைக்கலாம், ஒரு லெஜண்டரியை ஒன்றுதான்.

அப்படியும் சறுக்கியது. 2014 டிசம்பரில் வந்த 'டாக்டர் பூம்' என்ற லெஜண்டரி எந்தக் கட்டிலும் பொருந்தியது, இல்லாதவர்கள் திண்டாடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'அண்டர்டேக்கர்' (மல்யுத்த வீரர் அல்ல, பெயர்தான் அதே!) வெறும் காமன். ஆனால், அதை முதலிலேயே இறக்கிவிட்டால் தாக்கும் பலமும் உயிரும் ஏறிக்கொண்டே போகும். 2015 ஜனவரியில் உயிர் ஏறுவதை நிறுத்தினார்கள்.

2024-ல் வந்த போகிமான் டிசிஜி பாக்கெட்டில் வேறு வழி. அங்கே பல அரிய கார்டுகளில் படம்தான் புதிது. பலம் சாதாரணக் கார்டில் உள்ளதேதான்.

பிள்ளை ரேர் கார்டுக்குக் காசு கேட்டால், 'பலத்துக்கா, படத்துக்கா?' என்று முதலில் கேளுங்கள்.