மெருகைக் காக்கும் படலம்: கேமரன் மலையில் அலுமினிய அனோடைசிங்

அலுமினியப் பொருளைக் கந்தக அமிலக் கரைசலில் அமிழ்த்தி, அதை நேர்மின்முனையாக இணைத்து மின்சாரம் பாய்ச்சினால், உலோகத்தின் மேற்பரப்பே அலுமினிய ஆக்சைடாக மாறிக் கடினமான காப்புப் படலமாகிறது. அனோடைசிங் எனப்படும் இம்முறையில் உருவாகும் மெல்லிய படலம் ஒளியை ஊடுருவ விடுவதால், அடியிலுள்ள மெருகையும் கீறலையும் ஒருங்கே காட்டிவிடும். ஆகவே பளபளப்பைத் தீர்மானிப்பது அமிலத் தொட்டிக்கு முந்தைய மெருகுவேலையே.

வீட்டில் இதைச் செய்வோர் 400 எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 2000 வரை நீர்விட்டுத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி முந்தைய கோடுகளை அழித்தபின், துணிச்சக்கரத்தில் மெருகுப்பசை இட்டுத் தேய்த்து, அப்பசையின் மெழுகைச் சோப்பு நீரால் முற்றிலும் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடாவில் நீண்ட நேரம் ஊறவிட்டால் பரப்பு மங்கிவிடும். 6061, 6063 வகை உலோகக்கலவைகள் நன்கு ஒளிரும். சிலிக்கான் மிகுந்த வார்ப்புகளான எஞ்சின் மூடிகள் எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் நிறமே கொள்ளும்.

அடுத்தது வெப்பநிலை. நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எடையுள்ள அமிலக் கரைசல் 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நலம். அதற்கு மேல் சூடேறினால் அமிலம் படலத்தையே கரைத்து மாவுபோல் ஆக்கும். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தேயிலைக்கு உகந்த அதன் குளிர் இவ்வேலைக்கும் உதவுகிறது. சமவெளியில் பனிக்கட்டி தேவைப்படும் தொட்டிக்கு இங்கே, மின்சாரம் உண்டாக்கும் சூட்டைத் தணிக்கக் கரைசலைக் கலக்கிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் போதும். சதுர டெசிமீட்டருக்கு 1.2 ஆம்பியர் வீதம் 25 நிமிடம் பாய்ச்சினால் சுமார் 9 மைக்ரான் படலம் கிடைக்கும். பளபளப்புக்கு அதைவிடத் தடிமன் வேண்டியதில்லை.

படலத்தின் நுண்துளைகளைக் கொதிநீரில் அடைக்கும் இறுதிக் கட்டத்தில் அதே உயரம் இடையூறாகிறது. இம்மலையில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிப்பதால், மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம் என்ற வழக்கமான கணக்கைச் சற்று நீட்டிக்கவோ, சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத பழைய பிரஷர் குக்கரில் நீராவியால் அடைக்கவோ வேண்டும். காய்ச்சி வடித்த நீர் இல்லையெனில் உப்புகள் வெண்படிவாகத் தங்கும்.

அமிலத்தைத்தான் நீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, எதிர்மின்முனையில் எழும் ஹைட்ரஜன் தேங்காத திறந்த வெளியில், தீயின்றிச் செய்ய வேண்டும். ஒரு கீறல் தப்பிவிட்டாலும் படலத்தின் மேல் தேய்த்து அதை நீக்க இயலாது. படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, உப்புத்தாளிலிருந்து மீண்டும் தொடங்குவதே வழி.