ஆங்கிலம் படிக்கும் வியாபாரிக்குப் பொறுமையே முதல்

ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்வத்தோடு ஆங்கில வகுப்பில் சேரும் வியாபாரிகள் பலர் ஏப்ரல், மே மாதமாகும்போது நின்றுவிடுகின்றனர். கடையில் வேலை கூடிவிட்டது, வயது போய்விட்டது, இனிப் பிள்ளைகள் படித்தால் போதும் என்று காரணங்கள் சொல்லப்படும். ஆனால் பலரைப் பின்வாங்கச் செய்வது வேறொன்று. ஆரம்பத்தில் வேகமாக வந்த ஆங்கிலம் சில மாதங்களில் நின்றுவிட்டது போலத் தோன்றுகிறது. "நமக்கு இது சரிவராது" என்று அப்போதுதான் முடிவு செய்கிறோம்.

இந்தத் தேக்கம் ஏன் வருகின்றது? பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட் என்ற கல்வியாளர், சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் சுமார் 80 சதவீதம் இச்சொற்களுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் சில நூறு சொற்களே அடிக்கடி வருபவை. நாம் முதலில் படிப்பவை அவைதான். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்ணில் படுவதால் மனதில் பதிந்துவிடுகின்றன. பிறகு படிக்கும் சொற்கள் எப்போதாவதுதான் எதிர்ப்படும். எனவே உழைப்பு அதேயளவு இருந்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிசியும் சீனியும் தினமும் விற்கும். மற்றச் சாமான்கள் மெதுவாகத்தான் போகும். அதற்காக நாம் கடையைப் பூட்டுவதில்லையே!

இரண்டாவது தடை மறதி. ஜெர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், மனனம் செய்தவற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடுகிறது என்றும், அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது என்றும் காட்டினார். இடைவெளி விட்டு மீட்டிப் படித்தால் நினைவில் நிற்கும் என்பதும் அவர் கண்டதே. ஆகவே நேற்றுப் படித்தது இன்று மறந்தால் மூளையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் படிப்பதை விட, கடை திறக்குமுன் தினமும் இருபது நிமிடம் படிப்பது மேல். அதில் பாதி நேரத்தைப் பழைய சொற்களை மீட்டுவதற்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, நாம் வைக்கும் இலக்கு. "ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும்" என்பது முடிவு தெரியாத இலக்கு. அதில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்குப் பார்க்க முடியாது. "இந்த மாதம் எனக்கு வரும் கொட்டேஷனை யாருடைய உதவியுமின்றி வாசிப்பேன்" என்பது கணக்குப் பார்க்கக்கூடிய இலக்கு. அடுத்த மாதம் இன்வொய்ஸ், அதற்கடுத்து எல்.சி. விண்ணப்பம் என்று போகலாம்.

இந்தக் காகிதங்களில் நமது முதல் தங்கியிருக்கிறது. "சப்ஜெக்ட்" என்றால் பாடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கொட்டேஷனில் "சப்ஜெக்ட் டு சேஞ்ச்" என்றிருந்தால், விலை மாறக்கூடும் என்று பொருள். சி.ஐ.எப். என்றால் கொழும்புத் துறைமுகம் வரை விற்பவரே பொறுப்பு எனப் பலர் நினைக்கின்றனர். கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் அவர் செலுத்துவது உண்மைதான். ஆனால் இன்கோடேர்ம்ஸ் விதிகளின்படி, ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியவுடனேயே நட்டத்தின் பொறுப்பு வாங்குபவர் தலையில் வந்துவிடுகிறது.

எல்.சி.யும் அப்படித்தான். 2007 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கையல்ல. சரக்கு மட்டமாக இருந்தாலும் ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் போய்விடும். தரப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்று விண்ணப்பத்தில் எழுதுவித்திருந்தால் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கும். அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் அளவுக்காவது கையொப்பமிடுபவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐம்பது வயதில் உச்சரிப்பைத் திருத்துவது சிரமம். ஆனால் சரக்கையும் விலையையும் கடனையும் அறிந்தவருக்கு வியாபார ஆங்கிலத்தின் பொருள் விரைவில் பிடிபடும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு கொப்பியை எடுத்து, இந்த வாரம் கைக்கு வரும் ஆங்கிலக் காகிதத்திலிருந்து விளங்காத ஐந்து சொற்களை எழுதுங்கள். மாத முடிவில் கடைக் கணக்கோடு அந்தக் கொப்பியையும் புரட்டிப் பாருங்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.