குடும்பத் தலைவர் என்ன வேலை பார்க்கிறார்?

என்னிடம் ஆய்வேடு எழுத வரும் உளவியல் மாணவர்களின் கேள்வித்தாளில் முதல் பக்கத்திலேயே மூன்று கேள்விகள் இருக்கும். குடும்பத் தலைவர் என்ன படித்திருக்கிறார்? என்ன வேலை பார்க்கிறார்? குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு? மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், அந்தக் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை கிடைத்துவிடும். பரீட்சை பயம், மனச்சோர்வு, ஞாபகசக்தி என்று எதை ஆராய்ந்தாலும் இந்த எண் கூடவே வரும். வறுமை மனதை என்ன செய்கிறது என்று கண்டறிய இதைத்தான் நம்பியிருக்கிறோம். அது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நம் நாட்டு நகர்ப்புற ஆய்வுகளில் பரவலாகப் புழங்குவது, உளவியலாளர் பி. குப்புசாமி 1976-ல் வெளியிட்ட அளவுகோல். படிப்புக்கு அதிகபட்சம் 7, வேலைக்கு 10, வருமானத்துக்கு 12; மொத்தம் 29. கிராமங்களுக்கென்று உதய் பரீக்கும் ஜி. திரிவேதியும் 1964-லேயே ஒன்று தயாரித்தார்கள். அதில் சாதி, நிலம், வீடு எல்லாம் கணக்கில் வரும்.

குப்புசாமியின் பழைய அட்டவணையில் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால் முழு 12 மதிப்பெண். அதை அப்படியே இன்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஐந்தாம் வகுப்புப் படித்த கொத்தனாருக்குப் படிப்பில் 2, வேலையில் 4. வீட்டுக்கு மாதம் 15,000 வந்தால் வருமானத்தில் 12. மொத்தம் 18. அளவுகோலின்படி அவர் உயர் நடுத்தர வகுப்பு! இதனால்தான் விலைவாசிக் குறியீட்டை வைத்து வருமான வரம்புகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். எந்த ஆண்டின் திருத்தம் என்று எழுதாத ஆய்வேட்டை நான் கையெழுத்திடாமல் திருப்பிவிடுவேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'குடும்பத் தலைவர்' என்ற அந்த முதல் சொல்லிலேயே இருக்கிறது. மதுரை செல்லூரில் ஒரு மாணவியுடன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி எட்டாவது வரை படித்தவர், வீட்டு வாசலில் இட்லிக் கடை நடத்துகிறார். "குடும்பத் தலைவரா? அவருதான்" என்றார் அந்த அம்மா, யோசிக்காமல். கணவரை வைத்துப் போட்டால் படிப்பு 1, வேலை 1. மனைவியை வைத்தால் படிப்பு 3, கடைக்கு 5. வருமானத்துக்கு இரண்டு கணக்கிலும் 4 என்று கொண்டால், ஒரே வீட்டுக்கு ஒரு தடவை 6, இன்னொரு தடவை 12. முதலாவது கீழ்த்தட்டின் மேற்பிரிவு, இரண்டாவது கீழ் நடுத்தரம். அந்த வீட்டுப் பையன் பள்ளியில் எழுதிய தேர்வின் மதிப்பெண் எந்தத் தட்டின் சராசரியில் சேர வேண்டும்?

"நகை பூராம் அடகுல கெடக்கு டீச்சர், அதுக்கு எங்க மார்க்கு போடுவீங்க?" என்றும் கேட்டார். படிவத்தில் கடனுக்குக் கட்டமே இல்லை.

பிறகு பத்துப் படி உள்ள ஏணிப் படத்தைக் காட்டினோம். நான்சி ஆட்லரும் சக ஆய்வாளர்களும் 2000-ல் அமெரிக்காவில் பயன்படுத்திய முறை இது. உங்கள் பகுதியில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டோம். ஆறாவது படியைத் தொட்டார். "என்னைய நம்பித்தான் இந்தத் தெருவே சீட்டுக் கட்டுது."

இதை வெறும் மனத்திருப்தி என்று தள்ள முடியாது. 2008-ல் ஷெல்டன் கோஹனும் குழுவினரும் 193 பேருக்கு ஜலதோஷக் கிருமியை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஏணியில் தங்களைத் தாழ்வாக வைத்தவர்களுக்கே நோய் அதிகம் கண்டது. படிப்பும் வருமானமும் அந்த வித்தியாசத்தை விளக்கவில்லை.

அதனால் மாணவர்களிடம் படிப்பு, வேலை, வருமானம் மூன்றையும் கூட்டுவதற்கு முன் தனித்தனியாகவும் அட்டவணையில் காட்டச் சொல்கிறேன். சம்பாதிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, கடனுக்கு ஒரு வரி, ஏணி ஒன்று. குடும்பத் தலைவர் இவர்தான் என்று யார் சொன்னார்கள் என்பதையும் எழுத வேண்டும்.