கல்லாப்பெட்டி அருகே ஒரு கடற்கரை

அரிசி, பருப்பு வாங்க வரும் தாய்மார்கள் பெரும்பாலும் குழந்தையையும் உடன் அழைத்து வருகிறார்கள். அந்தக் குழந்தையின் கண் மிட்டாய் பாட்டிலில்தான் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே நண்டு, ஆமை, சங்கு என்று கடற்கரை உயிரினங்களைக் காட்டும் படப் புத்தகங்களையும் நாம் தொங்கவிட்டால் என்ன?

இடம் அதிகம் வேண்டாம். ஒரு கம்பியும் நான்கு கிளிப்பும் போதும். குழந்தைகளின் படப் புத்தகங்களுக்கும் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது.

ஆனால், பருப்பில் கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் நாம், புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். நண்டுக்கு இடுக்கிகளையும் சேர்த்துப் பத்துக் கால்கள். ஆறு கால் போட்டிருந்தால் அது கலப்படச் சரக்கு! நட்சத்திர மீன் மீனே அல்ல. அதற்கு முதுகெலும்பு கிடையாது. கடல் குதிரையில் முட்டைகளைப் பையில் சுமப்பது ஆண். பங்குனி ஆமை சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருவது முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரை. இவற்றைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஓர் எச்சரிக்கை: புத்தகத்துக்கு இலவசமாகக் காய்ந்த கடல் குதிரை, கடற்சிப்பி என்று எதையும் கொடுத்துவிடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்கு, சிப்பி வகைகள் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்து வியாபாரம் செய்வது குற்றம்.

எடை குறைந்தால் வாடிக்கையாளர் மறுநாளே வந்து கேட்பார். தவறான படத்தைப் பார்த்துக் கற்ற குழந்தை வந்து கேட்காது. அந்தக் கணக்கையும் நாமே நேர்மையாகப் பார்ப்போம்.